கடலில் விழுந்தவனுக்கு ஊர்தான் நடுகல்

சுங்கைப்பட்டாணி பாக்கார் ஆராங்கிலிருந்து மேற்கே வண்டியை விட்டால் கோலமூடாக் கடற்கரை ஒன்றும் தொலைவில்லை. 2004 சுனாமி அள்ளிப்போன உயிர்களுக்காக, உடைந்த படகுகளையே வைத்து அங்கே ஒரு நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் வலப்பக்கம் குனோங் ஜெராய், இடப்பக்கம் பினாங்குத் தீவு. இடையில் மீன்பிடிப் படகுகள் போய்வரும் அந்த நீர்ப்பரப்பு, இரண்டு உலகப் போர்களிலும் பிள்ளைகளை விழுங்கிய போர்க்களம். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1914 அக்டோபர் 28, விடியற்காலை. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் செப்டம்பர் 22 இரவில் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், பொய்யாக ஒரு நான்காவது புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்போல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக், நீர்மூழ்கிக் குண்டுகள் இரண்டைத் தாங்க முடியாமல் பிளந்து மூழ்கியது. கப்பல் தலைவர் கரையில் இருந்தார். கப்பலில் படுத்திருந்த மாலுமிகளில் 80க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வெளியேறும் வழியில் எம்டன், ரோந்து முடித்துத் திரும்பிய பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூஸ்கேயையும் முடித்துவிட்டது. அடுத்த போரில், 1944 ஜனவரியில், ஜப்பானியப் போர்க்கப்பல் குமாவைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி டேலி-ஹோ பினாங்குக்கு அருகில் வீழ்த்தியது. 1945 மே 16 அதிகாலையில் ஹகுரோ என்ற பெரிய ஜப்பானியக் கப்பல் 900 பேருக்கு மேல் சுமந்தபடி மலாக்கா நீரிணையில் அடியில் போய்ச் சேர்ந்தது.

இவர்களில் மிகச் சிலருக்கே மண் கிடைத்தது. ஜெம்சுக்கின் மாலுமிகள் பன்னிரண்டு பேர் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் கிடக்கிறார்கள். ரஷ்யத் தூதரகத்தினர் வந்து மலர்வளையம் வைத்துப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் தூதரகம் ஒரு நாட்டின் சார்பில் வருவது. சைபீரியாவிலோ வோல்கா ஆற்றங்கரையிலோ இருந்து வந்த ஒரு பையனை அவன் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தத் தூதரகத்தில் யாரும் இருக்க முடியாது. அது ஊரால் மட்டுமே ஆகிற வேலை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

நிலத்தில் விழுந்த வீரனுக்கு உடல் இருக்கும், இடம் இருக்கும். நம் முன்னோர் அந்த இடத்தில் கல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல், நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை அதற்கு ஒரு முறையே வகுத்தது தொல்காப்பியம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த கல், ஆநிரைப் பூசலில் செத்த ஒருவனின் பெயரை ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகச் சுமந்து நிற்கிறது. கடலில் செத்தவனுக்கு இந்த வழி இல்லை. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்கு, அதாவது நம் கெடாவுக்கு வந்தன. பூஜாங் பள்ளத்தாக்கும் மெர்போக் ஆறும் நம் வீட்டு வாசலில் இருக்கின்றன. மன்னனின் மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களின் பட்டியலை அடுக்குகிறது. அந்தக் கப்பல்களில் துடுப்புப் போட்டு வந்து இந்த நீரில் மடிந்த ஒரு மாலுமியின் பெயராவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை.

கடலடியில் கிடக்கும் கப்பலே கல்லறையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லலாம். அதற்கும் இப்போது வழியில்லை. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் ஆகிய இரண்டு கப்பல்களிலும் 840 பேர் இறந்தார்கள். பழைய இரும்புக்காக அந்தக் கப்பல்களையே வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 மே மாதம் ஜொகூர் கடலில் பிடிபட்ட சீனக் கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடைத்ததை நாளேடுகளில் பார்த்தோம். எண்பது ஆண்டு கழித்துப் பிணத்தோடு சேர்த்துப் பெட்டியையும் தோண்டி விற்கிறார்கள். கடலை நம்பி நினைவை ஒப்படைக்க முடியாது.

கடலில் செத்த ஒரு பையனைச் சொந்த ஊர் எப்படித் தூக்கி வைத்துக்கொண்டது என்பதற்கு எனக்குத் தெரிந்த முழுமையான கதை ஜாக் கார்ன்வெல்லின் கதை. லண்டனில் லெய்டன் என்ற இடத்தில் 1900 ஜனவரி 8ஆம் தேதி பிறந்தவன். பிறகு குடும்பம் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் குடியேறியது. உழைத்தால்தான் அடுப்பெரியும் வீடு. பதினான்கு வயதில் பள்ளியை விட்டுவிட்டு, புரூக் பாண்டு தேயிலை வண்டியில் சரக்கு இறக்கும் பையனாக வேலைக்குப் போனான். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். இலங்கை மலைகளில் நம் பெண்கள் கிள்ளிய கொழுந்து, லண்டன் தெருக்களில் இப்படிப்பட்ட பையன்களின் கையில்தான் வீடு வீடாகப் போனது. இரண்டு முனையிலும் வறுமை. நடுவில் லாபம் பார்த்தவன் வேறு யாரோ.

1915 அக்டோபரில், தகப்பன் சம்மதத்தைக் கேட்காமலேயே கடற்படையில் சேர்ந்தான். பயிற்சி முடிந்து 1916 ஏப்ரலில் ஹெச்.எம்.எஸ். செஸ்டர் கப்பலில் ஏறினான். ஒரு மாதம்தான். மே 31ஆம் தேதி மாலை, வட கடலில் ஜட்லண்ட் போர். மூடுபனியில் செஸ்டர் நான்கு ஜெர்மன் கப்பல்களின் வாயில் மாட்டியது. சில நிமிடங்களுக்குள் பதினேழு பதினெட்டுக் குண்டுகள் விழுந்தன. முன்பக்கப் பீரங்கியில் குறி வைக்கும் கருவியைத் திருப்புவது ஜாக்கின் வேலை. சுற்றி நின்ற பீரங்கி ஆட்கள் செத்தும் குற்றுயிராகவும் விழுந்துவிட்டார்கள். நெஞ்சில் எஃகுச் சில்லுகள் பாய்ந்த நிலையில், அடுத்த உத்தரவு வரும் என்று அந்தப் பையன் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றான். கிரிம்ஸ்பி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தாய் வந்து சேருமுன், ஜூன் 2ஆம் தேதி காலையில் உயிர் போயிற்று. பதினாறு வயது.

அதற்கடுத்து நடந்ததைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். உடல் ஊருக்கு வந்தது. தனிக் குழி வாங்கப் பணமில்லை. மேனர் பார்க் இடுகாட்டில், ஏழைகளைச் சேர்த்துப் புதைக்கும் பொதுக் குழியில் புதைத்தார்கள். கல் இல்லை, எண் மட்டும். சில வாரங்கள் கழித்துக் கடற்படைத் தளபதியின் போர் அறிக்கையில் அவன் பெயர் வந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. நாட்டுக்காக நின்று செத்த பையனுக்கு இதுதானா மரியாதை என்று கேள்வி கிளம்பியது. ஜூலை 29ஆம் தேதி அவனைத் தோண்டி எடுத்து, கடற்படை மரியாதையோடு, தெருவெல்லாம் சனம் நிற்க, மறுபடி அடக்கம் செய்தார்கள். செப்டம்பரில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. நவம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் தாயின் கையில் கொடுத்தார். நம் சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டு 1936இல் எழும்பியது இதே மன்னரின் வெள்ளி விழாவுக்காகத்தான். அன்றாடம் அதைக் கடந்து போகிறவர்கள் ஒரு கணம் இந்தத் தாயையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் அந்தத் தாயின் கதை பதக்கத்தோடு முடியவில்லை. பதக்கம் வாங்குமுன்பே, அக்டோபரில், கணவர் இறந்துவிட்டார். மகனின் குழியிலேயே அவரையும் வைத்தார்கள். கணவரின் முந்தைய தாரத்து மகன் பிரான்சில் 1918இல் கொல்லப்பட்டான். நாடெங்கும் பள்ளிகளில் ‘ஜாக் கார்ன்வெல் தினம்’ கொண்டாடி, பிள்ளைகளிடம் காசு சேர்த்தார்கள். அந்தப் பணம் ஊனமுற்ற போர்வீரர்களுக்குப் போனது. அது தவறில்லை. ஆனால் பெற்றவள் வாடகை அறையில் வறுமையில் கிடந்து 1919இல் செத்தாள். ஓவியர் ஃபிராங்க் சாலிஸ்பரி தீட்டிய படத்தில் பையன் பீரங்கிப் பக்கத்தில் கம்பீரமாக நிற்கிறான். அவன் நின்ற பீரங்கி இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தாய்க்கு ஒரு வேளைச் சோற்றை உறுதிப்படுத்த அந்தப் பேரரசால் முடியவில்லை. நினைவு நாள் நடத்துகிற எந்த ஊரும், இறந்தவனின் வீட்டில் இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். மாலையும் மேடையும் அதற்குப் பிறகுதான்.

அரசு கைவிட்டாலும் ஊர் விடவில்லை. அவன் பெயரில் அந்த வட்டாரத்தில் தெரு இருக்கிறது. சாரணர் இயக்கத்தில் அவன் பெயரால் விருது இருக்கிறது. இத்தனைக்கும் அந்த ஊர் இன்று அவன் காலத்து ஊர் இல்லை. ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் தமிழ்ப் பலகைகள் தொங்குகின்றன. மேனர் பார்க்கில் லண்டன் முருகன் கோயிலின் கோபுரம் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள், ஜாக் கார்ன்வெல் தெரு இருக்கும் அதே வட்டாரத்தில் வளர்கிறார்கள். அவன் அவர்களுக்கு இரத்த உறவில்லை, மொழி உறவில்லை. ஆனால் அவர்கள் ஊர்ப் பையன். ஒருவனை நம்மவன் ஆக்குவதற்கு ஊர் போதும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

காலனி ஆதிக்கத்தின் போரில் செத்த வெள்ளைக்காரப் பையனுக்கு நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவன் சாவைக் காட்டி மேலும் பல பையன்களைப் படையில் சேர்த்தார்கள் என்பது உண்மை. அதே ஜட்லண்டில் பிரிட்டன் தரப்பில் 6,000 பேருக்கு மேலும் ஜெர்மனி தரப்பில் 2,500 பேருக்கு மேலும் ஒரு மாலையிலும் ஓர் இரவிலும் மடிந்தார்கள். பேரரசுகளை நினைவுகூர எனக்கு ஆசையில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை நினைவுகூரப் பேரரசின் அனுமதி வேண்டியதுமில்லை.

மேலும், அந்தப் போரில் நமக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜட்லண்டில் நின்ற மாபெரும் கப்பல்களில் ஒன்றின் பெயர் ஹெச்.எம்.எஸ். மலாயா. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்கள் பணம் கொடுத்துக் கட்டுவித்த கப்பல் அது. 1915 மார்ச்சில் நீரில் இறங்கியது. கெடா அந்தக் கூட்டில் இல்லை என்றாலும், பணம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். ஈய லம்பத்தில் சீனர் சிந்திய வியர்வையும், பால் மரக் காட்டில் தமிழர் சிந்திய வியர்வையும் வரிப்பணமாகி, இங்கிலாந்தின் கப்பல் பட்டறையில் எஃகாக மாறின. அந்தக் கப்பலில் எட்டுக் குண்டுகள் விழுந்தன. வெடிமருந்து தீப்பற்றியதில் அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் கருகிச் செத்தார்கள். கருக்கலில் எழுந்து மரம் வெட்டிய பாட்டனுக்கு, தன் உழைப்பு வட கடலில் தீப்பிடித்து எரிந்த செய்தியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ரஜூலா என்ற கப்பலின் பெயரைக் கேட்காதவர் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அது கட்டப்பட்ட அதே 1926இல், அதே கம்பெனிக்காக, அதே பாதைக்காகக் கட்டப்பட்ட கூடப்பிறந்த கப்பல் ஒன்று உண்டு. அதன் பெயர் ரோனா. தகரப் பெட்டியும் பாயுமாக மேல்தளத்தில் சுருண்டு கிடந்து வந்தவர்களை, இரண்டு கப்பல்களும் மாறி மாறிக் கொண்டுவந்து பினாங்கில் இறக்கின. ஜெரெஜாக் தீவில் தடுத்துவைக்கப்பட்டு, பிறகு பிறையிலிருந்து கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் தோட்டங்களுக்குப் பிரிந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பாக்கார் ஆராங் வீடமைப்புகளில் இருக்கிறார்கள். ரஜூலா போரைத் தாண்டி வந்து 1970கள் வரை ஓடியது. ரோனா தாண்டவில்லை.

போர் வந்ததும் ரோனாவைப் படைகளை ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26. அமெரிக்கப் படையினர் 2,000 பேரளவில் ஏற்றிக்கொண்டு, சூயஸ் வழியாக இந்தியாவுக்குப் போகிற கப்பல் வரிசையில் அல்ஜீரியாவுக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தது. ஜெர்மன் விமானமொன்று, வானொலி அலையால் திசை திருப்பக்கூடிய புதுவகைக் குண்டை வீசியது. அது இயந்திர அறைக்குப் பக்கத்தில் பாய்ந்தது. உயிர்காப்புப் படகுகளில் பெரும்பாலானவற்றை இறக்க முடியவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, அலை உயர்ந்திருந்தது. 1,015 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கடலில் போன அமெரிக்கப் படையினருக்கு எதிரியின் தாக்குதலால் ஒரே கப்பலில் அந்தப் போரில் நேர்ந்த மிகப் பெரிய சாவு அது. புதிய ஆயுதத்தின் வெற்றி எதிரிக்குத் தெரியக்கூடாது என்று செய்தியை மூடிவைத்தார்கள். பிள்ளை எப்படிச் செத்தான் என்றே தெரியாமல் பல தாய்மார்கள் கண்ணை மூடினார்கள். தப்பிப் பிழைத்தவர்களும் வாரிசுகளும் பல பத்தாண்டுகள் விடாமல் கேட்டுக் கேட்டு, அலபாமாவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களைப் போற்றித் தீர்மானம் போட்டது. ஓக்லஹோமாவிலோ ஓஹையோவிலோ உள்ள சிற்றூர்களில் இன்று அந்தப் பையன்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன.

அதே கப்பலில் செத்த மற்றவர்கள்? கப்பல் ஊழியர்களில் சுமார் 120 பேர் இறந்தார்கள். சில வெள்ளை அதிகாரிகளைத் தவிர ஏறக்குறைய அனைவரும் இந்திய மாலுமிகள். கொதிகலனில் கரி தள்ளியவர்கள், தளம் கழுவியவர்கள், சமைத்தவர்கள். ஒரு காலத்தில் நம் பாட்டிகளுக்குக் கப்பலில் தண்ணீர் அளந்து ஊற்றியவர்களும் இவர்களின் கூட்டத்தார்தான். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அப்போது ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அதே வேலைக்கு வெள்ளை மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான் சம்பளம். 1939இல் போர் தொடங்கியதும் கூலி உயர்வு கேட்டு லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வேலைநிறுத்தம் செய்து சிறைக்குப் போனார்கள். பிறகு மறுபடி அதே கப்பல்களில் ஏறினார்கள். கடலில் ஓடும் குண்டுக்கு நிறம் தெரியாது. அடியில் இயந்திர அறையில் நின்றவன் முதலில் செத்தான், அவ்வளவுதான்.

இப்படி அந்தப் போரில் கடலில் மறைந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000 பேரளவில், இந்தியக் கடற்படையினர் 400 பேருக்கு மேல். நிலத்தில் செத்தவர்களுக்கு வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தைப்பிங்கிலும் கிராஞ்சியிலும் பார்க்கலாம். இவர்களுக்கோ இரண்டு பேரேடுகள். ஒன்று மும்பை மாலுமிகள் இல்லத்தில், ஒன்று சிட்டகாங்கில். பேரேட்டைத் திறந்தால்தான் பெயர். யார் போய்த் திறக்கிறார்கள்?

அந்தப் பெயர்களுக்கு உரிமை கொண்டாட ஓர் ஊர் இல்லாமல் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கப்பல் வேலைக்குப் போனவன் ஆண்டில் பாதிக்கு மேல் ஊரில் இல்லை. நாடு இரண்டாகி, பிறகு மூன்றாகிவிட்டது. அவன் எந்த நாட்டு வீரன் என்று டெல்லிக்கும் டாக்காவுக்கும் இஸ்லாமாபாத்துக்கும் தெளிவில்லை. பேரரசின் போரில் செத்தவன் என்பதால் விடுதலை பெற்ற நாடுகளுக்கு அவனைக் கொண்டாடவும் மனமில்லை. கார்ன்வெல்லுக்கு மேனர் பார்க் இருந்தது. இவனுக்கு எது?

நான் சொல்கிறேன், இவனுக்கு நாம் இருக்கிறோம். ஒருவன் பிறந்த மண் அவனுக்கு ஊர் என்றால், அவன் கொண்டுவந்து சேர்த்த மனிதர்கள் வாழும் மண்ணும் அவனுக்கு ஊர்தான். ரோனாவில் வந்திறங்கியவர்களின் சந்ததி எங்கெல்லாம் இருக்கிறதோ, அந்த ஊர்களெல்லாம் ரோனாவின் மாலுமிகளுக்குச் சொந்த ஊர். ரோனாவில் இறந்தவர்களின் பட்டியலில் பல பெயர்கள் வங்கக் கரையோர முஸ்லிம்களுடையதாகவும் கோவாக் கிறிஸ்தவர்களுடையதாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் கப்பல்களில் ஆள் எடுத்த முறை அப்படி. தமிழ்ப் பெயராக இருந்தால்தான் சொல்வோம் என்றால், ஈஸ்ட் ஹாம் தமிழ்ப் பிள்ளைகள் ஜாக் கார்ன்வெல் என்ற பெயரைத் தெருப்பலகையில் படித்து வளர்வதற்கு என்ன பொருள்?

இது நம்மால் ஆகாத காரியமில்லை. சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களைப் பற்றி நீண்ட காலம் வீட்டுக்குள் மட்டும்தான் அழுதோம். பிறகு சிலர் முதியவர்களைத் தேடிப் போய் ஒலிப்பதிவு செய்தார்கள், எழுதினார்கள், ஆவணப்படம் எடுத்தார்கள். அந்த விடாப்பிடியால்தான் இன்று காஞ்சனபுரியில் நடுகல் நிற்கிறது. அரசாங்கம் தானாக நட்டுத் தந்த கல் இல்லை அது. அதே விடாப்பிடி கடலில் செத்தவர்களுக்கும் வேண்டும். அதற்கும் காலம் அதிகமில்லை. ரோனாவிலும் ரஜூலாவிலும் வந்த தலைமுறையில் இன்னும் நினைவோடு இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

செய்யக்கூடியது இதுதான். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை யாரும் கட்டணமின்றிக் கணினியில் தேடலாம். கப்பலின் பெயரையும் இறந்த நாளையும் கொண்டு தேடினால் பெயர்கள் வரும். சிலவற்றில் வயதும் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கும். சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் ரோனாவின் பட்டியலைத் தமிழில் எழுதி எடுக்கலாம். வீட்டில் யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று அதே பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து பக்கத்தில் எழுதட்டும். நவம்பர் 26 ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையை ஒட்டி வருகிற நாள். கோயில் மண்டபமோ நூலகமோ ஒன்றில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அந்த 120 பேரின் பெயர்களையும் ஒருவர் பின் ஒருவராக நின்று உரக்க வாசிக்கலாம். பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் ஆட்களை அழையுங்கள். அவர்களுக்கும் உரிய பெயர்கள் அதில் இருக்கின்றன. கெடா, பினாங்கு மாநில அரசுகளிடம் ஒரு கல்லுக்கு இடம் கேட்கும் மனுவை அன்றைக்கே எழுதி, வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாம்.